கொழும்பில் நிகழ்ச்சி வைக்கிறீர்களா? வாசலில் கட்டும் கைப்பட்டியை வாங்கும் முன்

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் இசை மாலைக்குக் கைப்பட்டி (டிக்கெட் காட்டி உள்ளே வருபவரின் மணிக்கட்டில் கட்டும் பட்டி) வாங்கும் பொறுப்பு முதல் தடவை என் தலையில் விழுந்தபோது அதை அரை நாள் வேலை என்றுதான் நினைத்தேன். ஓர் அச்சகத்துக்குப் போன் எடுத்தேன், ஆயிரத்து முந்நூறு வேண்டும் என்றேன், மூன்று நிறம் சொன்னேன், காசைக் கட்டினேன். நிகழ்ச்சி அன்று பின்னேரம் ஐந்தரைக்கு ஒரு மழை. ஆறரை மணிக்குப் பார்த்தால் பள்ளிக்கூட மைதானத்துப் புல்லில் எங்கள் பட்டிகள் சருகு மாதிரிக் கிடக்கின்றன. வெறுங்கையோடு நின்றவர்களில் டிக்கெட் வாங்கியவர் யார், மதில் ஏறிக் குதித்தவர் யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எட்டு மணிக்கு மேல் வாசலைத் திறந்தே விட்டுவிட்டோம்.

அடுத்த வருடம் அதே வேலையை மறுபடி என்னிடமே தந்தார்கள். தண்டனை என்றுதான் நினைக்கிறேன். அந்த இரண்டு வருடங்களில் தெரிந்துகொண்டதை, முதன்முதலாக இந்த வேலையில் இறங்குகிற ஒருவருக்குச் சொல்வதுபோல் கீழே எழுதியிருக்கிறேன். ஒன்று மட்டும் முன்கூட்டியே: கடையிலோ அச்சகத்திலோ ‘கைப்பட்டி’ என்று கேட்டால் கைக்கடிகாரப் பட்டியைக் காட்டுவார்கள். ‘ரிஸ்ட்பாண்ட்’ என்றே கேளுங்கள்.

1. பட்டி தேவையா என்று முதலில் பாருங்கள்

கதிரைக்கு இலக்கம் போட்ட மண்டபத்தில் நடக்கிற நிகழ்ச்சிக்குப் பட்டி வேண்டாம். டிக்கெட்டில் இலக்கம் இருக்கிறது, கதிரையில் இலக்கம் இருக்கிறது, ஓர் ஆள் மேலதிகமாக வந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ ஒரு மண்டபத்தில் முந்நூறு பேரை வைத்து நாட்டியமோ நாடகமோ போடுபவர்கள் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிடலாம்.

பட்டி தேவைப்படும் இடங்கள் வேறு. ஆட்கள் நின்றபடி பார்க்கும் திறந்தவெளி, வெளியே போய்த் திரும்பி வர விடுகிற நிகழ்ச்சி, மேடைக்குப் பின்புறம் அல்லது விருந்தினர் கூடாரம் என்று தனித்தனிப் பகுதிகள் உள்ள இடம், ஒரு நாளுக்கு மேல் நீள்கிற விழா, மதுபானம் பரிமாறுகிற இரவு விருந்து. இவற்றில் ஒன்றாவது உங்களுக்குப் பொருந்த வேண்டும். எதுவும் இல்லாவிட்டால் கிழிக்கிற டிக்கெட்டே போதும்.

முக்கியமான இன்னொரு விஷயம். பட்டி டிக்கெட்டுக்குப் பதிலாகாது. காசு வாங்கி ஆட்களை உள்ளே விடுகிற நிகழ்ச்சி என்றால், கொழும்பு மாநகர சபையின் களியாட்ட வரிப் பிரிவுக்கு டிக்கெட்டுகளைக் கொண்டுபோய், விற்பதற்கு முன்பே முத்திரை வாங்க வேண்டும். “டிக்கெட்டை விடுவோம், நேராகப் பட்டியையே விற்போம், அச்சுச் செலவு மிச்சம்” என்று எங்கள் குழுவிலும் ஒருவர் சொன்னார். அப்படிச் செய்தால் வரிக் கணக்கும் போய்விடும், யாருக்கு எத்தனை விற்றோம் என்ற எங்கள் சொந்தக் கணக்கும் போய்விடும். டிக்கெட் வெளியே விற்பதற்கு. அதை வாங்கிக் கிழித்துவிட்டு வாசலில் கட்டுவதுதான் பட்டி.

2. ஆட்களை வகை பிரித்து எண்ணுங்கள்

பார்வையாளரை மட்டும் எண்ணிவிட்டு ஓடாதீர்கள். உள்ளே இருக்கப்போகும் ஒவ்வொருவரும் கணக்கில் வரவேண்டும். எங்கள் இரண்டாவது வருடக் கணக்கு இப்படி இருந்தது: பார்வையாளர் 900, அழைப்பின் பேரில் வருபவர்கள் 120, பாடகர்களும் வாத்தியக் கலைஞர்களும் 45, ஒலி-ஒளி ஆட்கள் 30, சாப்பாட்டுக் கடைக்காரர் 40, தொண்டர்கள் 50. மொத்தம் 1,185.

ஒலி-ஒளி ஆட்கள் காலை எட்டு மணிக்கே லொறியோடு வந்துவிடுவார்கள். உங்கள் வாசல் குழு வருவதோ மாலை நான்கு மணிக்கு. காலையில் பட்டி கட்ட ஒருவரும் இல்லாவிட்டால் அந்த முப்பது பேரும் இரவு முழுக்கப் பட்டி இல்லாமல்தான் திரிவார்கள், அவர்களோடு சேர்ந்து இன்னும் முப்பது பேர் திரிவார்கள். கொத்துக் கடைக்காரர் ஏழு மணிக்கு இரண்டு பொடியன்களை மேலதிகமாகக் கூப்பிடுவார். அதற்கும் ஐந்து பட்டி ஒதுக்கி வையுங்கள்.

கட்டும்போது பழுதாகிறவற்றுக்கு நூற்றுக்கு ஐந்து கூட்டினால் போதும். “மிஞ்சினால் மிஞ்சட்டும்” என்று இருநூறு முந்நூறு கூட்டி அடிக்காதீர்கள். கணக்கில்லாமல் கிடக்கும் ஒவ்வொரு பட்டியும் ஓர் இலவச டிக்கெட்.

வகைகளை நான்கு அல்லது ஐந்தோடு நிறுத்துங்கள். நாங்கள் முதலில் போட்ட வரைவுப் பட்டியலில் ஒன்பது வகை இருந்தது. தலைவரின் குடும்பத்துக்குக்கூடத் தனி நிறம். அன்றிரவு வாசலில் நிற்கப்போகும் பாதுகாப்பு ஊழியரிடம் அந்த ஒன்பதையும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அவர் முகத்திலேயே பதில் தெரியும்.

3. எந்தப் பொருளில் செய்த பட்டி

இங்கேதான் காசும் மானமும் போகிறது, ஆறுதலாக வாசியுங்கள்.

ஒரு நாள் நிகழ்ச்சிக்கு டைவெக் பட்டி. பார்க்கக் காகிதம் மாதிரி இருக்கும், ஆனால் காகிதம் இல்லை. டுபோன்ட் கம்பனி செய்கிற, பொலித்தீன் இழைகளை அழுத்தி எடுத்த தாள். நனைந்தாலும் ஊறாது, கையால் இழுத்தால் கிழியாது. வழக்கமான அளவு 19 மில்லிமீற்றர் அகலம், கிட்டத்தட்ட 25 சென்ரிமீற்றர் நீளம். நிறைய எழுத்து வேண்டும் என்றால் 25 மில்லிமீற்றர் அகலத்திலும் வரும். பெரும்பாலும் பத்துப் பத்தாக ஒரே தாளில் சேர்ந்திருக்கும், உரித்து எடுக்க வேண்டும். நுனியில் பசை, பசை இருக்கும் இடத்தில் சின்னச் சின்ன வெட்டுகள். கழற்றி இன்னொருவருக்குக் கட்டப் பார்த்தால் அந்த வெட்டுகளில் கிழிந்து காட்டிக்கொடுக்கும். அந்த வெட்டு இல்லாத பட்டியை இலவசமாகத் தந்தாலும் வாங்க வேண்டாம்.

பொறி என்னவென்றால், டைவெக் என்ற பெயரில் விற்பதெல்லாம் டைவெக் இல்லை. எங்களுக்கு முதல் வருடம் கிடைத்தது வேறு ஏதோ பிளாஸ்ரிக் பூசிய தாள். “அண்ணை, எல்லாம் டைவெக்தான், பயப்பிடாதேங்கோ” என்றார் விற்றவர். நானும் பயப்படவில்லை. கண்டுபிடிப்பது சுலபம்: பட்டியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே நூல் நூலாக இழைகள் சுழன்று தெரிய வேண்டும். விளிம்பில் நகத்தால் சிறிது கீறிவிட்டு இழுங்கள். போலித் தாள் அந்த இடத்திலிருந்து சர்ரென்று கிழிந்துவிடும்.

இரண்டு மூன்று நாள் விழா என்றால் பிளாஸ்ரிக் பட்டி. ஒருமுறை அழுத்தினால் திறக்காத பொத்தான் இருக்கும், வரிசையாகத் துளைகள் இருப்பதால் எந்தக் கைக்கும் பொருந்தும். குளித்தாலும் ஒன்றும் ஆகாது. குறை, விளிம்பு கூராக இருந்தால் வியர்வையில் தோலை அறுக்கும். கொழும்பு வெக்கையில் இரண்டாம் நாளே சொறியத் தொடங்குவார்கள். மாதிரியை வாங்கி உங்கள் கையிலேயே ஓர் இரவு கட்டிக்கொண்டு படுத்துப் பாருங்கள்.

துணிப் பட்டி அழகு. நிகழ்ச்சி முடிந்தும் பொடியன்கள் மாதக்கணக்காகக் கழற்றமாட்டார்கள், அதுவே உங்களுக்கு விளம்பரம். ஆனால் அதன் பாதுகாப்பு முழுவதும் பூட்டில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டுமே நகரும் பல் வைத்த பிளாஸ்ரிக் பூட்டு, அல்லது கொறடு மாதிரி ஒரு கருவியால் நெரிக்கும் அலுமினியப் பூட்டு. இரண்டு பக்கமும் நகரும் பூட்டோடு வந்தால் அது வெறும் அலங்காரம். அலுமினியப் பூட்டு என்றால் நெரிக்கும் கருவி எத்தனை தருகிறார்கள் என்று கேளுங்கள். ஒன்றே ஒன்று வந்தால் வாசல் வரிசை காலி வீதி வரைக்கும் போகும்.

ரப்பர் மாதிரி நீளும் சிலிக்கோன் பட்டியைப் பற்றி ஒரே வரி: அது கழற்றி மாட்டுகிற சாமான், வாசலுக்கு உதவாது, தொண்டர்களுக்கு ஞாபகப் பொருளாகக் கொடுக்கலாம்.

கடைசியாக சிப் வைத்த பட்டி, ஆர்.எஃப்.ஐ.டி அல்லது என்.எஃப்.சி என்று சொல்வது. நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் புழங்குவது 13.56 மெகாஹேர்ட்ஸில் வேலை செய்யும் வகை, வாசிக்கும் கருவிக்கு ஓரிரு அங்குலம் கிட்டக் கொண்டுபோனால் ‘டிங்’ என்று சொல்லும். நல்லதுதான், யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார் என்றுகூடத் தெரியும். ஆனால் பட்டியின் விலையோடு கருவி வாடகை, மென்பொருள், இயக்க ஆள், மின்சாரம், இணையம் எல்லாம் சேரும். கருவியை நீங்களே வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க நினைத்தால், வானலையில் இயங்கும் சாமான் என்பதால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி விஷயத்தையும் பார்க்க வேண்டும். ஐயாயிரம் பேருக்குக் குறைந்த ஒரு நாள் நிகழ்ச்சிக்கு நான் இதைச் சொல்லவேமாட்டேன்.

நடுவழி ஒன்று உண்டு. டைவெக் பட்டியிலேயே கியூஆர் கோட் அடித்து, அதைப் போன் மூலம் வாசிப்பது. மலிவு. ஆனால் அதைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்ப மூன்று செக்கன் போதும். ஒரு கோட் ஒரு தடவைதான் செல்லும் என்று மென்பொருளில் வைத்திருக்க வேண்டும், மைதானத்தில் சிக்னல் செத்தாலும் பட்டியல் போனுக்குள்ளேயே இருக்க வேண்டும். பத்தாயிரம் போன் கூடும் இடத்தில் இணையத்தை நம்பி இருக்காதீர்கள்.

4. நிறமும் எழுத்தும்

பகலில் கடையில் வைத்து நிறம் தெரிவு செய்தால் ஏமாறுவீர்கள். நாங்கள் பார்வையாளருக்குச் செம்மஞ்சளும் மேடைக்குப் பின்புறம் போவோருக்குச் சிவப்பும் கொடுத்தோம். மஞ்சள் விளக்கின் கீழ் இரண்டும் ஒரே நிறம். சிவப்பு மேடை விளக்கு விழும்போது சிவப்புப் பட்டியும் வெள்ளைப் பட்டியும் ஒன்றாகத் தெரியும். பாடகர் உடை மாற்றும் அறைக்குள் இருபது இரசிகர்கள் நின்றார்கள் என்றால் நம்புவீர்களா? ஆண்களில் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய வராது, அந்த ஒருவர் உங்கள் வாசல் ஊழியராகவும் இருக்கலாம். ஆகவே நிறத்தோடு வடிவமும் மாறட்டும்: ஒன்றில் கோடு, ஒன்றில் புள்ளி, ஒன்றில் பெரிய எழுத்து. அறையை இருட்டாக்கிப் போன் வெளிச்சத்தில் ஒரு கை தூரத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு செக்கனில் வித்தியாசம் தெரியாவிட்டால் மாற்றுங்கள்.

பச்சை, நீலம், சிவப்பு மூன்றையும் பார்த்தவுடன் யாராவது ஒருவர் கட்சிக் கதை தொடங்குவார். பழைய மாணவர் கூட்டம் என்றால் பள்ளிக்கூட இல்லங்களின் நிறங்களைச் சொல்லி இன்னொரு சண்டை. நாங்கள் ஊதா, எலுமிச்சை மஞ்சள், கறுப்பு-வெள்ளைக் கோடு, இளஞ்சிவப்பு என்று போய் நிம்மதியானோம்.

எழுத்தில் பெரிய பொறி தமிழ்தான். இங்குள்ள அச்சகங்கள் பல இன்னும் பாமினி என்ற, யூனிகோடுக்கு முந்திய பழைய எழுத்துருவில் வேலை செய்கின்றன. நீங்கள் போனில் யூனிகோடில் அடித்து அனுப்புவதை அங்கே ஒட்டும்போது கொம்பும் புள்ளியும் இடம் மாறி எழுத்து குலைந்துவிடும். பழைய மென்பொருளில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பட்டி சின்னது, அச்சிடுபவர் தமிழ் வாசிக்கத் தெரியாதவராக இருந்தால் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். வழி இதுதான்: எழுத்தை எல்லாம் எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக (அவுட்லைன்) மாற்றி, பிடிஎஃப் கோப்பாக அனுப்புங்கள். அவர்கள் திருப்பி அனுப்பும் புரூஃபை, அதாவது சரிபார்க்கும் பிரதியை, தமிழ் தெரிந்த ஒருவரும் சிங்களம் தெரிந்த ஒருவரும் தனித்தனியே வாசித்து, “சரி” என்று எழுத்தில் பதில் போடட்டும். போனில் சொன்ன “சரி” பிறகு எங்கும் நிற்காது.

என்ன அடிக்க வேண்டும்? நிகழ்ச்சியின் சுருக்கப் பெயர், திகதி, வகை, தொடர் இலக்கம். திகதி இல்லாத பட்டி அடுத்த வருடமும் உள்ளே வரும். தொடர் இலக்கம் இல்லாத பட்டிக்குக் கணக்கே இல்லை. அனுசரணையாளரின் சின்னத்தைப் போட வேண்டி வந்தால் இலக்கத்துக்கு இடம் விட்டுவிட்டுப் போடுங்கள்.

வீட்டு லேசர் பிரின்ரரில் டைவெக்கை அடிக்கப் பார்க்காதீர்கள். அந்தத் தாள் சுமார் 135 பாகை செல்சியஸில் உருகும், லேசர் பிரின்ரரின் சூட்டு உருளை அதைவிடச் சூடு. என் நண்பர் ஒருவரின் பிரின்ரர் இப்படித்தான் போனது. லேசரில் அடிக்கலாம் என்று உறையில் எழுதியிருக்கும் பட்டி வேறு தாளில் செய்தது, அதை மட்டும் அடியுங்கள்.

5. விலை கேட்பது

மூன்று இடத்தில் கேளுங்கள், மூன்று பேரிடமும் ஒரே கேள்வியை எழுத்தில் அனுப்புங்கள். இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. கேட்க வேண்டியவை:

பொருளின் பெயர் என்ன, அகலம் என்ன. ஒரு நிறத்துக்குக் குறைந்தது எத்தனை அடிப்பார்கள். ஒரு நிற அச்சா, பல நிறமா. தொடர் இலக்கம் விலைக்குள் அடங்குமா. அச்சுத் தகட்டுக்குத் தனிக் காசா. சொன்ன விலையில் வற் வரி உண்டா. முற்பணம் எவ்வளவு. கையில் தரும் திகதி என்ன, பிந்தினால் என்ன செய்வார்கள்.

வற் வரி 2024 ஜனவரியிலிருந்து நூற்றுக்கு 18. ஒரு பட்டி 30 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,250 பட்டிக்கு 37,500. வரியைச் சேர்த்தால் 44,250. “முப்பது ரூபாதான்” என்று குழுவில் சொல்லிவிட்டு வந்த எனக்கு அந்த 6,750 ரூபாவை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. நிறங்களைக் கூட்டினாலும் விலை ஏறும், ஏனென்றால் 45 கலைஞர்களுக்கு ஒரு தனி நிறம் வேண்டும் என்றால் குறைந்தபட்ச எண்ணிக்கையான நூறுக்கோ ஐந்நூறுக்கோ காசு கொடுக்க வேண்டி வரும். சிறிய வகைகளுக்கு அச்சடிக்காத நிறப் பட்டியை வாங்கி, உங்கள் சங்க முத்திரையையும் இலக்கத்தையும் அழியாத பேனாவால் போடுவது மலிவு. புறக்கோட்டை மலிபன் வீதிப் பக்கம் காகிதம், எழுதுபொருள் விற்கும் கடைகளில் விசாரித்துக்கொண்டு போனால் வெற்றுப் பட்டி யாரிடம் இருக்கிறது என்று சொல்வார்கள்.

விலையின் ஏறுவரிசை எங்கே கேட்டாலும் ஒன்றுதான்: டைவெக் கீழே, பிளாஸ்ரிக் அதற்கு மேல், துணி அதற்கும் மேல், சிப் வைத்தது உச்சியில். இந்த வரிசைக்கு மாறாக ஒருவர் விலை சொன்னால் பொருளில் ஏதோ கோளாறு.

வைத்திருக்க வேண்டிய தாள்கள்: விலைமனு, ஒப்புதல் போட்ட புரூஃப், முற்பணப் பற்றுச்சீட்டு, எந்த இலக்கம் முதல் எந்த இலக்கம் வரை அடித்தோம் என்று அச்சகம் தரும் கடிதம், சாமான் கையேற்ற சீட்டு. நான்காவதைப் பெரும்பாலானோர் கேட்பதில்லை. முதல் வருடம் நானும் கேட்கவில்லை, ஒரே இலக்கத்தில் இரண்டு பட்டி வந்தது பிறகுதான் தெரிந்தது.

6. வெளிநாட்டிலிருந்து எடுப்பிப்பதா?

இணையத்தில் சீன விலையைப் பார்த்ததும் வாய் ஊறும். பட்டியின் விலை அங்கே பாதியாகக்கூட இருக்கலாம். ஆனால் அதன் மேல் கூரியர் செலவு, சுங்கத் தீர்வை, வற், நூற்றுக்கு 2.5 சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி, கூரியர் கம்பனியின் கையாளுதல் கட்டணம் எல்லாம் ஏறும். வந்த பொதி சுங்கத்தில் நின்றால் விலைப்பட்டியல், காசு அனுப்பிய சான்று, எதற்கு என்று ஒரு கடிதம் கேட்பார்கள். சங்கத்தின் கடிதத் தலைப்பில் ஒன்றை எழுதித் தயாராக வைத்திருங்கள். தனியாள் பெயரில் ஆயிரக்கணக்கான பட்டி வந்தால் கேள்வி கூடும்.

நான் சொல்வது: துணிப் பட்டி, அதுவும் இரண்டாயிரத்துக்கு மேல், கையில் இரண்டு மாதமும் இருந்தால் எடுப்பியுங்கள். டைவெக்குக்காக அந்த அலைச்சல் வேண்டாம். பழுதாக வந்தால் திருப்பி அனுப்பவும் முடியாது.

7. பின்னோக்கி நாள் எண்ணுங்கள்

நிகழ்ச்சி நாளிலிருந்து பின்னால் வாருங்கள். மூன்று நாளுக்கு முன் பட்டி எல்லாம் எண்ணிக் கட்டி முடிந்திருக்க வேண்டும். பத்து நாளுக்கு முன் கையில் வந்திருக்க வேண்டும், பழுது இருந்தால் திருப்பி அடிக்க அந்த இடைவெளி. மூன்று வாரத்துக்கு முன் புரூஃப் ஒப்புதல். நான்கு வாரத்துக்கு முன் மாதிரி. ஐந்து ஆறு வாரத்துக்கு முன் விலை கேட்கத் தொடங்குங்கள். துணிப் பட்டியை வெளியிலிருந்து எடுப்பித்தால் இதை இரட்டிப்பாக்குங்கள்.

ஏப்ரல் வருடப்பிறப்பில் அச்சக ஊழியர் ஊருக்குப் போனால் ஒரு வாரம் போய்விடும். வெசாக்கை ஒட்டியும் அப்படித்தான். சீனப் புத்தாண்டுக்கு அங்குள்ள தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும். இவற்றை நாட்காட்டியில் முதலே குறித்துவிடுங்கள்.

மாதிரி வந்ததும் வீட்டில் இப்படிச் சோதியுங்கள்: கையில் கட்டி, பத்து நிமிடம் தண்ணீரில் வையுங்கள். பிறகு தேங்காயெண்ணெய் பூசிய கையில் இன்னொன்றைக் கட்டுங்கள். வியர்த்த கையில் கட்டினால் பசை எப்படிப் பிடிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பரீட்சை நான் காணவில்லை. மே தொடக்கம் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, ஒக்டோபர், நவம்பரில் பின்னேரத்து இடிமழை, நடுவில் வெக்கை. கொழும்பில் உலர்ந்த கை என்று ஒன்றை நம்பித் திட்டம் போட முடியாது. வாசலில் ஒரு கட்டு டிஷ்யூ வையுங்கள், மணிக்கட்டைத் துடைத்துவிட்டுக் கட்டச் சொல்லுங்கள்.

8. கணக்குக் கொப்பி

எங்கள் பட்டி மழையில் உதிர்ந்ததை எல்லோரும் பேசினார்கள். ஆனால் அதற்கு முன்பே கணக்கு ஓட்டையாகிவிட்டது, அதை ஒருவரும் பேசவில்லை. நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு பெட்டி என் வீட்டு வரவேற்பறையில் இருந்தது. “மச்சான், வீட்டு ஆக்களுக்கு ஒரு பத்து தாவன்” என்று ஒருவர். “எங்கட பட்ச் பொடியன்களுக்கு இருபது” என்று இன்னொருவர். எல்லாம் நம்ம ஆட்கள்தானே என்று கொடுத்தேன். எழுபதோ எண்பதோ போயிருக்கும், எனக்கே தெரியாது.

இப்போது எப்படி என்றால்: ஒரு கொப்பி, ஐந்து நிரல். வகை, தொடக்க இலக்கம், முடிவு இலக்கம், பொறுப்பேற்றவர், கையெழுத்து. பெட்டியைப் பொருளாளர் வைத்திருப்பார், எடுப்பதற்கு அவரும் செயலாளரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். ஐம்பது ஐம்பதாகக் கட்டி வாசலுக்குக் கொடுப்போம், அடுத்த ஐம்பது வேண்டும் என்றால் பழைய கட்டின் கிழிந்த டிக்கெட் அடிகளும் பழுதான பட்டிகளும் திரும்பி வர வேண்டும். பத்துப் பேர் முறைத்தார்கள். அவர்களில் ஒருவர் இன்னமும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

9. வாசலில் கட்டுவது

பட்டியை ஒருவர் கையிலும் கொடுக்காதீர்கள். தொண்டரே கட்ட வேண்டும். ஒரு விரல் நுழையும் அளவு இடம், அதற்கு மேல் விட்டால் உருவி எடுத்து மதிலுக்கு வெளியே எறிவார்கள், மச்சான் கட்டிக்கொண்டு வருவார். எல்லோருக்கும் வலது கை என்று முடிவு செய்துவிடுங்கள். பெண்களின் கையில் வளையலும் காப்பும் இருக்கும், பலருக்குக் கோயில் காப்புக் கயிறு இருக்கும். அவற்றுக்கு மேல் கட்டினால் பட்டி நழுவும், கயிறை அறுக்கச் சொல்லவும் முடியாது. காப்பை மேலே தள்ளிவிட்டு மணிக்கட்டில் கட்டக் கற்றுக்கொடுங்கள். வயதானவர்களின் தோல் மெல்லியது, பசை தோலில் படாமல் பட்டியின் மேலேயே படவேண்டும்.

நேரத்தை அளந்து பாருங்கள். பழகிய ஒருவருக்கு ஓர் ஆளுக்குப் பன்னிரண்டு செக்கன் பிடிக்கிறது என்றால் நிமிடத்துக்கு ஐந்து பேர். ஆறு மணி நிகழ்ச்சிக்கு எங்கள் சனம் ஆறரைக்குத்தான் வரும், அதுவும் சேர்ந்து வரும். நாற்பது நிமிடத்தில் எண்ணூறு பேர் வந்தால் நிமிடத்துக்கு இருபது, அப்படியானால் கட்டுவதற்கு மட்டும் நான்கு பேர். டிக்கெட் கிழிப்பவர், பை பார்ப்பவர் இதில் சேர்த்தி இல்லை.

மதுபானம் உண்டு என்றால் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அதை விற்கக்கூடாது என்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம். அதற்குத் தனிப் பட்டி. அடையாள அட்டையைப் பார்த்து வயது சொல்வது தெரிந்தால் லேசு: புதிய பன்னிரண்டு இலக்க அட்டையில் முதல் நான்கு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தின் எத்தனையாவது நாள், பெண்களுக்கு அதோடு 500 கூடியிருக்கும். 2005, பிறகு 045 என்றால் 2005 பெப்ரவரி 14, பெண்ணானால் 545. பழைய ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் உள்ள அட்டை வைத்திருப்பவர் எப்படியும் இருபத்தொன்றைத் தாண்டியவர். பார்த்தால் போதும். இலக்கத்தை எழுதி எடுக்காதீர்கள், படமும் பிடிக்காதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, தேவையில்லாத தகவலைச் சேர்த்துவைத்து வில்லங்கத்தை விலைக்கு வாங்க வேண்டாம்.

சிறு பிள்ளைகளுக்குக் கட்டும்போது பட்டியின் உட்பக்கத்தில் தாய் அல்லது தகப்பனின் போன் இலக்கத்தை எழுதுங்கள். அழியாத மார்க்கர் பேனாவால், ஏனென்றால் சாதாரணப் பேனா மை வழுக்கி அழியும். வெளிப்பக்கத்தில் பெயர் வேண்டாம், முன்பின் தெரியாதவர் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட அது வழி. இரண்டாம் வருட நிகழ்ச்சி இரவில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் ஐஸ்கிறீம் கடைக்குப் பக்கத்தில் அழுதுகொண்டு நின்றான். பட்டியைத் திருப்பிப் பார்த்து இரண்டே நிமிடத்தில் அம்மாவிடம் ஒப்படைத்தோம். அந்த வருடம் பட்டிக்குச் செலவான காசு முழுவதும் அந்த இரண்டு நிமிடத்துக்கே சரி என்று எனக்குப் பட்டது.

பாதுகாப்பு ஊழியர்களுக்கு ஒரு தாளில் எல்லாப் பட்டிகளையும் உண்மையாகவே ஒட்டி, கீழே எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, ஒவ்வொரு வாசலிலும் தொங்கவிடுங்கள். போனில் அனுப்பிய படம் உதவாது, நிறம் மாறித் தெரியும்.

10. முடிந்த பிறகு

அன்றிரவே எண்ணுங்கள். கொடுத்தது, பழுதானது, மிஞ்சியது மூன்றையும் கூட்டினால் அச்சகக் கடிதத்திலுள்ள தொகை வரவேண்டும். எங்களுக்கு இரண்டாம் வருடம் நான்கு குறைந்தது. மூன்று, ஒலிப்பெட்டிக்குப் பின்னால் கிடந்தன. ஒன்று இன்றுவரை இல்லை. வெளியே போகும் வாசலில் ஒரு கூடையும் மழுங்கிய நுனிக் கத்தரிக்கோல் இரண்டும் வைத்தால் பாதிப் பேர் அங்கேயே வெட்டிப் போட்டுவிடுவார்கள், அடுத்த நாள் மைதானம் கூட்டுபவர் உங்களைத் திட்டமாட்டார். மிஞ்சிய பட்டிகளை நடுவில் வெட்டிவிட்டு, வெட்டிய எண்ணிக்கையைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி இருவர் கையெழுத்து வைத்து மூடுங்கள்.